அழியும் முன்னே அள்ளி வைத்தவர்: காஸ்பர் தெகுர்தின்ஸ்



சுவிட்சர்லாந்தின் மொழிகள் எவை என்று கேட்டால் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம் என்று டக்கென்று சொல்லிவிடுவோம். நான்காவதா ஒன்று இருக்கே, தெரியுமா? அதுதான் ரோமான்ஷ். ஆல்ப்ஸ் மலைப் பகுதியான கிராவ்புண்டன் மாநிலத்தில் பேசப்படும் இம்மொழி, லத்தீன் வழி வந்தது. 1848ஆம் ஆண்டு அரசியலமைப்பு மற்ற மூன்றையும் தேசிய மொழிகளாக ஏற்றது, ரோமான்ஷை விட்டுவிட்டது.

அந்த மொழிக்காக உழைத்தவர் காஸ்பர் தெகுர்தின்ஸ். 1855இல் துருன் என்னும் மலைக் கிராமத்தில் பிறந்தார். ஜெர்மனியில் வரலாறு படித்து முனைவர் பட்டம் பெற்றார். ஊர் திரும்பியதும் அரசியலில் இறங்கினார். 1881 முதல் 1905 வரை நாடாளுமன்ற உறுப்பினர். தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்களுக்காகக் குரல் கொடுத்தார். மக்கள் அவரைத் 'துருனின் சிங்கம்' என்றே அழைத்தார்கள்.

மேடையில் முழங்கியதோடு அவர் நின்றுவிடவில்லை. இதைத்தான் நாம் கவனிக்கணும். பழைய கையெழுத்துப் படிகள், நாட்டார் கதைகள், பாடல்கள், பழமொழிகள் என எல்லாவற்றையும் தேடித் திரட்டினார். அதன் பலன், 13 தொகுதிகள் கொண்ட 'ரேட்டோ-ரோமானியத் திரட்டு'. அவர் கத்தோலிக்கர். ஆனாலும், புராட்டஸ்டண்டுகள் மிகுந்த எங்கடின் பள்ளத்தாக்கின் இலக்கியத்தையும் அதில் சேர்த்தார். பள்ளத்தாக்குக்கு ஒரு வழக்காகப் பிரிந்து கிடந்த மொழிக்கு இது எவ்வளவு பெரிய காரியம், பாருங்கள்!

1916இல் அவர் மறைந்தார். திரட்டு 1919இல்தான் நிறைவுபெற்றது. 1938இல் நடந்த வாக்கெடுப்பில் சுவிஸ் மக்கள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆதரிக்க, ரோமான்ஷ் தேசிய மொழியானது. அதைப் பார்க்க அவர் இல்லை.

அங்கீகாரம் வந்ததும் ஆபத்து போய்விட்டதா? இல்லை. 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதைத் தம் முதன்மை மொழி என்றவர்கள் சுமார் 35,000 பேர்தான். சட்டம் ஒரு மொழிக்கு மதிப்பைத் தரும். அதை வாழவைப்பது வீட்டிலும் பள்ளியிலும் பேசும் வாய்கள்தாம். ஆனால், பேசுபவர் குறைந்தாலும் பாட்டிமார் சொன்ன கதை தொலையாமல் இருக்கிறதே, அது தெகுர்தின்ஸ் செய்த வேலை.

மாணவர்களே, மொழிப்பற்று பற்றிக் கட்டுரை எழுதும்போது இவரைச் சான்றாகக் காட்டலாம். 1848, 1919, 1938 ஆகிய மூன்று ஆண்டுகளையும் நினைவில் வையுங்கள்.

வகுப்பில் விவாதிக்க: ஒரு மொழிக்கு முதலில் தேவை சட்டமா, திரட்டா?