ஒரே ஒயர்... டபுள் ஆக்ட்!

நாலு டிபார்ட்மென்ட் பசங்க பங்கு போட்டுக்கிற காலேஜ் ஒர்க்‌ஷாப் எப்படி இருக்கும்? ஒரு த்ரீ-டி பிரின்டர், அதைக் கண்காணிக்க ஒரு கேமரா, கூரையில் வை-ஃபை பெட்டி, வாசலில் ஐ.டி. கார்டு காட்டினால் திறக்கிற பூட்டு. எல்லாத்துக்கும் நெட் கேபிள் தனி, அடாப்டர் தனி. எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குள்ள இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்! யாரோ ஒரு புண்ணியவான் செல்போன் சார்ஜ் போட கேமராவைப் பிடுங்கிடுவார்.

இதுக்கு மருந்து, 'பவர் ஓவர் ஈதர்நெட்'. செல்லமா பி.ஓ.இ. டேட்டா போற கேபிள்லயே கரன்ட்டும் போகும்.

ரெண்டும் கலந்துடாதா? கலக்காது பாஸ். நெட் கேபிளுக்குள்ள எட்டு கம்பிகள், ஜோடி ஜோடியா முறுக்கி இருக்கும். ஒரு ஜோடியின் ரெண்டு கம்பிக்கும் நடுவே இருக்கிற வித்தியாசம்தான் டேட்டா. கரன்ட்டை ரெண்டு கம்பியிலும் சமமா ஏத்தி, இன்னொரு ஜோடி வழியா திரும்ப எடுத்துடுவாங்க. வித்தியாசத்தை மட்டும் பார்க்கிற கருவிக்கு கரன்ட் கண்ணிலேயே படாது. ஐடியா ஒண்ணும் புதுசில்லை. கரன்ட் கட் ஆனாலும் பழைய லேண்ட்லைன் போனில் டயல் டோன் வந்ததே, அது எக்ஸ்சேஞ்ச் பேட்டரி ஒயர் வழியா அனுப்பின 48 வோல்ட்டோட புண்ணியம்.

2003-ல் வந்த முதல் தரவிதிப்படி ஒரு போர்ட் தர்றது 15.4 வாட். 100 மீட்டர் கேபிள்ல வீணாகிறது போக, கருவிக்கு 12.95 வாட் உறுதி. கேமராவுக்கும் சின்ன பூட்டுக்கும் இது தாராளம். 2009-ல் 30 வாட் ஆச்சு, 2018-ல் 90 வாட். அதுக்காக லேசர் கட்டரை இதில் ஓட்டலாம்னு கனவு காணாதீங்க!

முறையான சுவிட்ச் ரொம்ப உஷார். எடுத்ததும் கரன்ட் விடாது. மெல்லிசா ஒரு வோல்டேஜ் அனுப்பி, எதிரே சுமார் 25 கிலோ ஓம் இருக்கான்னு பார்க்கும். இருந்தால்தான் சப்ளை. மலிவா கிடைக்கிற 'பாஸிவ்' இன்ஜெக்டர் இப்படி எதையும் கேட்காது, கண்ணை மூடிக்கிட்டு கரன்ட்டைத் தள்ளும். பொது இடத்தில் யார் எந்த லேப்டாப்பை எதில் சொருகுவாங்கன்னு யாருக்குத் தெரியும்? போர்ட்டே காலி ஆகலாம். பாஸிவ் சமாசாரமே வேண்டாம்.

அட்டையில் '8 போர்ட்'னு பார்த்ததும் மயங்காதீங்க. மொத்த பட்ஜெட் 60 வாட்னா, 15.4 வாட் முழுசா கேட்கிற கருவிகள் மூணுதான் தாங்கும். கேபிளிலும் ஏமாத்து உண்டு. செம்பு பூசின அலுமினியக் கம்பி விலை குறைச்சல், ஆனால் சூடாகும். கம்பியைச் சுரண்டிப் பாருங்க, உள்ளே வெள்ளையா தெரிஞ்சா திருப்பிக் கொடுத்துடுங்க.

சுவிட்சுக்கு ஒரு யு.பி.எஸ். போட்டுட்டா கரன்ட் போனாலும் கேமரா, பூட்டு எல்லாம் உயிரோட இருக்கும். பூட்டு விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. யு.பி.எஸ்ஸும் தீர்ந்துட்டா சில பூட்டுகள் மூடினபடியே நின்னுடும். உள்ளேயிருந்து கைப்பிடியைத் திருகினா திறக்கிற மாதிரி கேட்டு வாங்குங்க. சால்டரிங் மேஜையில் தீப்பிடிச்சா, ஐ.டி. கார்டைத் தேடிக்கிட்டு நிக்க முடியாது.