ஜன்னல் வழியே ஒரு கொல்கத்தா: வீட்டுக்குள்ளிருந்து படமெடுப்பதன் நுட்பமும் எல்லையும்

கொல்கத்தா: வீட்டுக்குள் நின்று ஜன்னலுக்கு வெளியே தெரியும் தெருவைக் கைப்பேசியில் படமெடுத்தால், பெரும்பாலும் அறை தெளிவாக விழும்போது தெரு வெளுத்துப்போகிறது, தெரு தெளிந்தால் அறை கருத்துவிடுகிறது.

காரணம் எளிது. நண்பகலில் வெளியே உள்ள வெளிச்சம் அறைக்குள் இருப்பதைவிட நூறு மடங்குக்கும் அதிகமாக இருக்கக்கூடும். கண் இரண்டுக்கும் ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. கேமராவால் ஒரே பதிவில் அது இயலாது. கைப்பேசியின் எச்டிஆர் வசதி பல பதிவுகளை இணைத்து இக்குறையை ஓரளவு ஈடுகட்டுகிறது. அதைவிட, விடியலிலோ அந்தியிலோ எடுப்பதே மேல். கண்ணாடி மூடியிருந்தால் அறை விளக்கை அணைத்து, லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தால் பிரதிபலிப்பு விழாது. பிளாஷ் வேண்டவே வேண்டாம்.

இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய கேமரா படமே ஒரு ஜன்னல் காட்சிதான். பிரான்சின் நிசெஃபோர் நியெப்ஸ் 1826 அல்லது 1827இல் தம் வீட்டு மாடியிலிருந்து அதைப் பதிவு செய்தார்.

கொல்கத்தாவின் பழைய வீடுகளில் ஜன்னலுக்குத் தனி இயல்பு உண்டு. சாய்த்துத் திறக்கும் மரப்பட்டிகள் கொண்ட, பெரும்பாலும் பச்சை வண்ணம் பூசிய அந்தக் கதவுகள் வெயிலைத் தடுத்துக் காற்றை விடுபவை. உள்ளே இருப்பவர் வெளியே பார்க்கலாம். வெளியே இருப்பவருக்கு உள்ளே தெரியாது. சத்யஜித் ராயின் ‘சாருலதா’ (1964) இதையே காட்டுகிறது. மாதவி முகர்ஜி ஏற்ற நாயகி, கையில் சிறு தொலைநோக்கியுடன் ஜன்னல் ஜன்னலாக நகர்ந்து தெருவில் போவோரைப் பார்க்கிறாள். வீட்டுக்குள் அடைபட்ட பெண்ணுக்கு உலகம் அவ்வளவுதான்.

இத்தகைய வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுவதை எதிர்த்து எழுத்தாளர் அமித் சௌதுரி 2015இல் இயக்கம் தொடங்கினார். பெரிய மாளிகைகள் மட்டுமல்ல, சாதாரணக் குடியிருப்புகளும் காக்கப்பட வேண்டும் என்பது அவரது வாதம். ஆகவே, காட்சியை மட்டும் வெட்டி எடுக்காமல் மரப்பட்டி, கம்பி, சட்டம் ஆகியவற்றையும் படத்தில் சேர்ப்பது நல்லது. வீடு போனால் அந்தக் கோணமும் திரும்பக் கிடைக்காது.

வட கொல்கத்தாவின் குறுகிய சந்துகளில் ஒரு வீட்டு ஜன்னல் எதிர்வீட்டு அறையைத்தான் பார்க்கிறது. அங்கே எச்சரிக்கை தேவை. தான் பார்க்கப்படமாட்டோம் என்று எதிர்பார்க்கும் சூழலில், அந்தரங்கச் செயலில் இருக்கும் பெண்ணைப் பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவின்படி குற்றம். முதல்முறை குற்றம் உறுதியானால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. படமெடுக்க அவர் சம்மதித்திருந்தாலும், பிறருக்கு அனுப்பச் சம்மதிக்காத நிலையில் அதைப் பகிர்வதும் இதே பிரிவின்கீழ் வரும்.