இரண்டாவது சைரன் எங்கே இருக்க வேண்டும்?

அலறும் கார் அலாரத்தை ஊமையாக்க ஒரு கட்டிங் பிளையர் போதும். பெரும்பாலான அலாரங்களில் சைரன் பானெட்டுக்கு அடியில் இருக்கும். அதற்குப் போகும் வயரை வெட்டினால் சத்தம் அடங்கிவிடும். அதனால்தான் இன்னொரு சைரன் மாட்டலாமா என்று கார் வைத்திருக்கும் பலர் யோசிக்கிறார்கள். தாராளமாக மாட்டலாம். ஆனால் அதன் பயன் கூடுதல் சத்தத்தில் இல்லை. அதை வைக்கும் இடத்தில்தான் இருக்கிறது.

இரண்டு சைரன் இருந்தால் சத்தம் இரண்டு மடங்காகும் என்று எண்ணுவது இயல்பு. நம் காது அப்படிக் கணக்குப் போடுவதில்லை. ஒலியின் ஆற்றல் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. இரண்டு மடங்கு உரக்கக் கேட்பதாக நமக்குத் தோன்ற வேண்டுமானால் ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு ஆற்றல் பத்து மடங்காக வேண்டும். அதாவது பத்து சைரன்கள்! கல்யாண ஊர்வலத்தில் ஒரு தவிலோடு இன்னொரு தவில் சேர்ந்தால் மேளம் நிறைவாகக் கேட்கும், இரண்டு மடங்கு உரக்கக் கேட்காது. முதல் சைரனுக்குப் பக்கத்திலேயே இரண்டாவதை வைத்தாலும் அதே கதைதான்.

இரண்டாவது சைரன் கூட்டும் சத்தத்தைவிட வேகமாகத் தொலைவு சத்தத்தைத் தின்றுவிடும். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். 2 மீட்டரில் 110 டெசிபல் தரும் சைரன், 4 மீட்டரில் 104 தரும்; 64 மீட்டரில் 80தான். நடுவில் சுவர் இருந்தால் இன்னும் குறையும்.

சைரனின் ஓசை பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான கீச்சு ஒலி. நம் காதுக் குழாய் 3,000 ஹெர்ட்ஸ் அருகே ஒத்ததிர்வதால் அந்த ஒலியை நாம் மிக எளிதாக உணர்கிறோம். ஆனால் 3,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர்தான். இத்தனை குறுகிய அலை பெரிய தடைகளைச் சுற்றி எளிதில் வளைந்து போகாது. எஞ்சினுக்கும் பானெட்டுக்கும் நடுவே இருக்கும் சைரனின் ஓசை, காருக்குப் பின்னால் நிற்பவருக்கு மங்கலாகவே கேட்கும். ஆகவே இரண்டாவது சைரன் காரின் பின்பக்கம் இருந்தால், முதல் சைரனின் ஒலி சரியாக எட்டாத திசையையும் அது நிரப்பும். திருட வந்தவர் ஒன்றை வெட்டினாலும் மற்றொன்றைத் தேடியாக வேண்டும்.

சிலர் இரண்டாவதை டேஷ்போர்டுக்கு அடியில் வைப்பார்கள். வெளியே இருக்கும் சைரன் அக்கம்பக்கத்தாரை அழைக்கும். உள்ளே இருப்பது, காருக்குள் புகுந்தவரை உட்கார விடாது. ஆனால் மூடிய காருக்குள் 110 டெசிபல் செவிக்கே ஆபத்து. குழந்தைகள் ஏறும் காரில் இதைத் தவிர்ப்பது நல்லது.

இனி வயரிங். முதல் சைரனின் வயரிலேயே இரண்டாவதையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றுவது எளிது, ஆனால் தவறு. 20 வாட் சைரன் ஒன்று 12 வோல்ட்டில் சுமார் 1.7 ஆம்பியர் இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் 3.4 ஆம்பியர். அலாரம் யூனிட்டின் சைரன் வழி பல மாடல்களில் 2 அல்லது 3 ஆம்பியர்தான் தாங்கும். சிலவற்றில் அரை ஆம்பியருக்கும் குறைவு. சுமை கூடினால் யூனிட்டுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் எரிந்துபோகும். பிறகு இரண்டு சைரனுமே வாய் திறக்காது.

இதற்கு விடை ரிலே. அதன் காயிலுக்கு 0.15 முதல் 0.2 ஆம்பியர் வரை போதும். அந்தச் சிறு மின்னோட்டம் உள்ளே இருக்கும் தொடுமுனைகளை இணைத்து, பேட்டரியிலிருந்து நேரடியாகச் சைரனுக்கு மின்சாரம் தரும். ரிலேயின் பின்களில் 30, 85, 86, 87 என்று எண்கள் இருக்கும். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஃப்யூஸ் வழியாக 30க்கு ஒரு வயர். 87லிருந்து சைரனின் சிவப்பு வயர். சைரனின் கறுப்பு வயர் பாடி எர்த்துக்கு. அலாரம் யூனிட் பாசிட்டிவ் தரும் வகையானால் அதன் சைரன் வயரை 86லும் எர்த்தை 85லும் கொடுக்க வேண்டும். நெகட்டிவ் தரும் வகையானால் 86க்கு ஃப்யூஸ் வழி பாசிட்டிவ், 85க்கு யூனிட்டின் வயர்.

இதில் மூன்று இடங்களில் அக்கறை வேண்டும். முதலாவது ஃப்யூஸ். அது பேட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். ஒரு சைரனுக்கு 5 ஆம்பியர் போதும். வயர் உரசித் தேய்ந்து பாடியைத் தொட்டால் கார் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும்; ஃப்யூஸ் இல்லாவிட்டால் வயரே தீப்பிடிக்கும். இரண்டாவது டையோடு. காயிலின் மின்சாரம் நிற்கும் கணத்தில் அதன் காந்தப்புலம் சரிந்து, நூறு வோல்ட்டையும் தாண்டக்கூடிய எதிர்த்திசைத் துடிப்பை உண்டாக்கும். 85, 86 பின்களுக்குக் குறுக்கே 1என்4007 டையோடு ஒன்றை, அதன் பட்டை 86ஐப் பார்த்தபடி வைத்தால் யூனிட் தப்பும். திருப்பி வைத்தால் ஷார்ட் ஆகும். மூன்றாவது எர்த். பெயின்ட்டைச் சுரண்டி, வெற்று உலோகத்தில் இறுக்கிய போல்ட்தான் நல்ல எர்த்.

ரிலேக்கான வயரை முதல் சைரனின் பக்கத்திலிருந்து எடுக்காமல், டேஷ்போர்டுக்குள் இருக்கும் யூனிட்டின் அருகிலேயே பிரிக்க வேண்டும். சைரனருகே பிரித்தால் ஒரே வெட்டில் இரண்டும் போய்விடும்.

பேட்டரியையே கழற்றிவிட்டால்? அதற்காகவே தனக்குள் சிறு பேட்டரி கொண்ட சைரன்கள் இருக்கின்றன. வெளி மின்சாரம் அறுந்ததும் தானே அலறும். இதற்கு எப்போதும் பாசிட்டிவ் வர வேண்டும்; 87லிருந்து கொடுத்தால் மின்சாரம் அறுந்ததாக எண்ணி ஓயாமல் அலறும்.

எல்லாக் கார்களுக்கும் இந்த வழி பொருந்தாது. சில புதிய கார்களில் கம்பெனி சைரனுக்கு டிஜிட்டல் செய்தியாகத்தான் கட்டளை போகும். அந்த வயரில் ரிலே வேலை செய்யாது. வாரண்டியையும் பார்த்துக்கொண்டு, அனுபவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் வேலையைக் கொடுங்கள்.

நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் வைத்த வரம்பு 45 டெசிபல். சைரனின் ஓசை அதை எளிதில் தாண்டிவிடும். லாரி போனாலும் பூனை ஏறினாலும் அலறும் அலாரத்தை, நாளடைவில் தெருவே பொருட்படுத்தாது. ஆகவே சைரன் வாங்கும் முன் அதிர்வு சென்சாரின் உணர்திறனைச் சரியாக வையுங்கள். அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தால்தான் சைரனால் பயன்.