ஸ்பேனர் யார் கையில் இருக்கவேண்டும்?

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழ்த்தளத்தில் சைக்கிள் நிறுத்தும் இடத்தைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். காற்றிறங்கிய டயர், துருவேறிய செயின், கூடையில் யாரோ போட்டுவிட்டுப் போன காலி டின். நகர மன்றம் அறிவிப்புத் தாளை ஒட்டும். யாரும் வராவிட்டால் அப்புறப்படுத்தும். இவற்றுள் பல பெரிய கோளாறால் நின்றுபோனவை அல்ல. ஒரு பஞ்சர், அல்லது அறுந்துபோன ஒரு பிரேக் கேபிள். கடைக்குக் கொண்டுபோக நேரமில்லை, சொந்தமாகச் செய்யத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் குறையைப் போக்கத் தோன்றியவைதான் சமூக சைக்கிள் பட்டறைகள். கருவிகள் பொதுவில் இருக்கும். சொல்லிக்கொடுக்கத் தொண்டூழியர்கள் இருப்பார்கள். பழுதை நீக்கவேண்டியவர் சைக்கிளுக்கு உரியவர்!

அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த, 1984இல் தொடங்கிய 'பைக்ஸ் நாட் பாம்ஸ்' இதற்கு நல்ல உதாரணம். பழைய சைக்கிள்களைச் சேகரித்து, அப்போது போரில் சிக்கியிருந்த நிகராகுவாவுக்கு அனுப்புவதே அதன் முதல் பணி. பிற்பாடு உள்ளூர்ப் பிள்ளைகளுக்காகவும் ஒரு திட்டம் வந்தது. பழைய சைக்கிள் ஒன்றைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டு செய்து முடித்தால், அந்தச் சைக்கிள் அந்தப் பிள்ளைக்கே சொந்தம்.

கேட்க எளிதுதான். ஆனால், தொண்டூழியருக்கு இங்கே ஒரு சோதனை உண்டு. ரிம்மிலிருந்து டயரைக் கழற்ற முடியாமல் ஒரு பையன் திணறுவான். பழகியவருக்கு அது ஒரு நிமிட வேலை. கை தானாக நீளும். நீட்டினால் சைக்கிள் ஓடும், பையன் அடுத்த பஞ்சருக்கும் வந்து நிற்பான்.

பஞ்சர் ஒட்டுவதிலேயே கற்க எவ்வளவோ இருக்கிறது. டியூபைத் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வரும் இடத்தைக் குறித்துக்கொண்டு, துடைத்து, உப்புத்தாளால் தேய்க்கவேண்டும். பசை தடவியதும் ஒட்டுத்துண்டை வைத்துவிடக் கூடாது. பசையின் ஈரம் போகும்வரை பொறுக்கவேண்டும்; அவசரக்காரர் ஒட்டியது நிற்காது. அதைவிட முக்கியம், டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவிப் பார்ப்பது. குத்திய முள் அங்கேயே இருந்தால் ஒட்டியும் பயனில்லை. இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் திரும்பும் என்பதையும் சொல்லிவைக்கவேண்டும். தெரியாமல் பலங்கொண்டு முறுக்கி, மரையைக் கெடுத்தவர்கள் ஏராளம்.

எல்லாருக்கும் பாடம் நடத்தவேண்டும் என்பதும் இல்லை. இரவு வேலைக்குச் சைக்கிளில் போகும் தொழிலாளி, நேரமாகிவிட்ட பதற்றத்தில் வந்து நின்றால், அவருக்கு அப்போது தேவை ஓடும் சைக்கிள்தான். தொண்டூழியரே செய்து கொடுத்து அனுப்பலாம். ஓய்வு நாளில் வரச் சொன்னால் போயிற்று.

பிரேக் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க இடமில்லை. கற்றுக்குட்டி பூட்டியதை அனுபவசாலி ஒருவர் மறுபடி பார்த்தே தீரவேண்டும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால், பிரேக் கட்டை ரிம்மில் மட்டும் படவேண்டும். டயரில் உரசினால் நாளடைவில் டயர் தேய்ந்து வெடிக்கும். முன் பிரேக்கை அழுத்திக்கொண்டு சைக்கிளை முன்னே தள்ளினால், பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பவேண்டும். பின் பிரேக்கை அழுத்தித் தள்ளினால், பின்சக்கரம் உருளாமல் தரையில் இழுபடவேண்டும். இதில் தேறாத சைக்கிள் அன்று பட்டறையிலேயே நிற்கும், நாள் முழுக்கப் பாடுபட்ட பையனின் முகம் எவ்வளவு வாடினாலும் சரி.