சங்கும் நிழற்படமும்

மன்னார்க் கரையில் ஒதுங்கிய சங்கொன்றை நிழற்படம் பிடிப்பவர் முதலிற் கவனிக்க வேண்டியது ஒளியின் திசையாகும். நேர்முகமாக விழும் ஒளி மேடுபள்ளங்களை மறைத்துவிடும். பக்கவாட்டிற் சாய்ந்து விழும் காலை வெயிலோ ஒவ்வொரு வரியையும் நிழலால் எடுத்துக்காட்டும். வெண்சங்குக்குக் கறுப்புத் துணியே ஏற்ற பின்னணி. அருகில் அளவுகோலொன்றை வைத்தாற் பருமனும் விளங்கும்.

அவ்வளவுகோலுக்கு வேறொரு பயனும் உண்டு. சுருள் தொடங்கும் முனை மேலேயும் வாய் பார்ப்பவரை நோக்கியும் இருக்க நிறுத்தினால், சாதாரண இடம்புரியின் வாய் வலப்புறத்திலும், அரிய வலம்புரியின் வாய் இடப்புறத்திலும் அமையும். படச்சுருளைப் புறம்மாற்றி அச்சிட்டாலும், கணினியிற் படத்தை இடவலமாகத் திருப்பினாலும், இடம்புரி வலம்புரியாகிவிடும். படத்தை மட்டும் நம்பிப் பெருவிலை கொடுப்பவர் ஏமாற இதுவே போதும். அளவுகோலின் இலக்கங்கள் இடவலம் மாறித் தெரிந்தால், மாறியது சங்கன்று, படமே.