முப்பதாண்டுப் போர் சமயப் போர்தானா?

1618 முதல் 1648 வரை ஐரோப்பாவில் நிகழ்ந்த முப்பதாண்டுப் போரைத் திருச்சபை வரலாறு கற்போர் பலரும் சமயப் போர் என்றே கூறுவர். இக்கூற்று முற்றிலும் தவறன்று. எனினும், போர் மூண்டதன் அரசியல் காரணங்களை அது மறைத்துவிடுகின்றது. அவற்றைச் சுருக்கமாக இங்கு ஆராய்வோம்.

1555ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் உடன்படிக்கை, ஒவ்வொரு நாட்டின் சமயத்தையும் அதன் சிற்றரசரே முடிவுசெய்யலாம் என வகுத்தது. இதனால் சமயம் அரசுரிமையின் ஒரு கூறாயிற்று. லூத்தரன் சபையாருக்குக் கிடைத்த ஏற்பு கல்வினியருக்குக் கிட்டவில்லை. அச்சம் வளரவே, 1608இல் சீர்திருத்தச் சிற்றரசர் ஓர் ஒன்றியத்தையும், 1609இல் கத்தோலிக்கர் ஓர் அணியையும் அமைத்தனர்.

பொகீமியாவில் 1609ஆம் ஆண்டு பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் வழிபாட்டுரிமைப் பட்டயம் ஒன்றை வழங்கினார். ஆனால் 1617இல் ஹாப்ஸ்பர்க் குடும்பத்துப் பெர்டினாந்து அடுத்த அரசராக ஏற்கப்பட்டபின், அவ்வுரிமை நிலைக்குமோ என்ற ஐயம் எழுந்தது. 1618 மே 23 அன்று பிராகு அரண்மனையில், சீர்திருத்தப் பிரபுக்கள் அரசப் பிரதிநிதிகள் இருவரையும் எழுத்தர் ஒருவரையும் பலகணி வழியே வெளியே எறிந்தனர். மூவரும் உயிர்பிழைத்தனர், ஆயினும் கிளர்ச்சி மூண்டது.

இவ்வுள்நாட்டுக் கிளர்ச்சி பெரும்போராய் விரிந்தது எதனால்? பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எழுவருக்கே இருந்தது. அவருள் மூவர் கத்தோலிக்கப் பேராயர். மூவர் பலட்டினேட், சாக்சனி, பிராண்டன்பர்க் ஆகியவற்றின் சீர்திருத்தச் சிற்றரசர். எஞ்சிய வாக்கு பொகீமிய அரசருடையது. 1619இல் பொகீமியர் பெர்டினாந்தை நீக்கி, பலட்டினேட்டின் கல்வினியச் சிற்றரசர் ஐந்தாம் பிரெடரிக்கை அரசராக்கினர். ஏழு வாக்குகளில் நான்கு சீர்திருத்தத் தரப்புக்குச் செல்வதை, அதே ஆண்டில் பேரரசரான பெர்டினாந்து எங்ஙனம் பொறுப்பார்? ஸ்பெயினுக்கும் இதில் அக்கறை இருந்தது. டச்சுக்காரருடன் அது செய்திருந்த போர்நிறுத்தம் 1621இல் முடியவிருந்தது. அதன் படைகள் நெதர்லாந்து செல்ல ரைன் ஆற்றுவழி வேண்டியிருந்தது. பலட்டினேட்டின் ஒரு பகுதியோ அவ்வாற்றங்கரையில் இருந்தது.

தரப்புகள் சமயத்தின்படி மட்டும் பிரியவில்லை என்பதையும் நாம் கருதல் வேண்டும். லூத்தரன் சாக்சனி பேரரசருக்குத் துணைநின்று, லுசேஷியா நிலப்பகுதியை ஈடாகப் பெற்றது. பின்னர் 1631இல், கர்தினால் ரிஷல்யூவின் பிரான்சு, லூத்தரன் சுவீடனுக்குப் பொருளுதவி அளித்தது.

எனவே, சமயப் பகையே போரின் தனிக்காரணம் என்பது பொருந்தாது. காரணம் அரசியலே எனக் கூறித் திருச்சபை விலகிக்கொள்ளவும் இயலாது. விசுவாசத்தை மன்னனின் உடைமையாக்கிய ஏற்பாட்டை இருதரப்புச் சபைகளும் தமக்குப் பாதுகாப்பெனக் கொண்டன. வழிபாட்டுரிமை ஆள்வோரின் கொடையாய் இருக்கும்வரை, ஆட்சி மாறும்போதெல்லாம் அது ஆட்டங்காணும். முப்பதாண்டுத் துன்பம் நமக்கு உணர்த்தும் உண்மை இதுவே.