பனியைப் படித்த மக்கள்

இன்று நாம் கனடாவின் வடகோடியில் வாழும் இனுவிட் மக்களைப் பற்றி அறிந்துகொள்வோம். 'இனுவிட்' என்றால் அவர்கள் மொழியில் 'மனிதர்கள்' என்று பொருள்.

அங்கே குளிர்காலத்தில் கடலே உறைந்து தரைபோல் ஆகிவிடும். அதன்மேல் நடந்து சென்றுதான் கடல்நாயை வேட்டையாடுவார்கள். கருமையாகத் தெரியும் புதுப் பனிக்கட்டி மெல்லியது, ஆளைத் தாங்காது. ஆகவே ஈட்டியால் குத்திப் பார்த்தே அடியெடுத்து வைப்பார்கள். மூடுபனி வழியை மறைத்தால் என்ன செய்வது? ஒரே திசையிலிருந்து ஓயாமல் வீசும் காற்று, பனித்தரையில் நாக்கு வடிவான மேடுகளை உண்டாக்கியிருக்கும். அவற்றைக் காலால் தடவித் திசையறிவார்கள். இந்தப் பாடத்தைப் பெரியவர்களுடன் நடந்தே பிள்ளைகள் கற்றார்கள்.

நிலம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழுந்தபோது அவர்களிடம் பட்டா இல்லை. வேட்டையாடிய இடம், மீன்பிடித்த இடம், கூடாரமிட்ட இடம் அனைத்தையும் வேட்டைக்காரர்கள் நினைவிலிருந்தே வரைபடத்தில் குறித்துக் கொடுத்தார்கள். 1976இல் அவை நூலாக வெளிவந்தன. உரிமைப் பேச்சில் சான்றாக நின்றன. 1993இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஏறக்குறைய 350,000 சதுர கிலோமீட்டர் நிலம் அவர்களுக்கு உரிமையாயிற்று. 1999 ஏப்ரல் 1ஆம் நாள் 'நூனவுட்' என்னும் ஆட்சிப்பகுதி உதயமானது. அதன் பொருள் 'எங்கள் நிலம்'.

பெரியவர்களின் நினைவே அங்கே பட்டாவாயிற்று. நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதையும் நாம் கேட்டு எழுதிவைப்போமாக.